செம்மறியைக் காணாத எலி

க்ரோனிங்கன். எழுபத்தொன்று, மார்ச்.
கால்வாயில் இன்னும் மெல்லிய பனித்தகடு.
வீட்ஸ்கெ காலையில் முதலில் தொடுவது வால்களை.
விளக்கடியில் சூடேற்றி
நீல நரம்பு எழும்வரை காத்திருந்து
ஊசி.

இந்தச் சுண்டெலி செம்மறியைக் கண்டதில்லை.
புல்லையும் கண்டதில்லை, மரத்தூள்தான் அதற்குப் பூமி.
ஆனாலும் போன மாதம் ஏற்றிய
ஆட்டுக் குருதியின் ஒரு சொட்டு
உள்ளே எங்கோ பேர் சொல்லிப் பதிந்திருக்கிறது.

எங்கே என்பதுதான் கேள்வி.

ஓல்டன்ஹாஸ் கேள்வியைப் பொடியாக நறுக்குகிறவர்.
அந்த எலியின் மண்ணீரலை வலையில் தேய்த்து,
கதிர் பாய்ச்சி வெறுமையாக்கிய வேறோர் எலிக்குள் செலுத்தினால்
அது தான் வாழாத ஒரு நாளை
நினைவுகூர்கிறது.
முதல்முறை கேட்டபோது வீட்ஸ்கெவுக்கு வயிற்றைப் புரட்டியது.
பிறகு வேலை இருந்தது.

இன்று செலுத்துமுன் ஒரு மாற்றம்.
இதயத்துக்குச் சற்று மேலே, மார்பெலும்பின் மறைவில்
வெளிறிய இரண்டு மடல், தைமஸ்.
அங்கே தேறி வெளியேறிய செல்களை மட்டும்
ஒரு சீரம் தேடிப்பிடித்துக் கொல்லும்.
மற்றவை பிழைக்கும்,
எதிர்ப்பொருள் செய்யத் தெரிந்த கைகள் உட்பட.

ஏழாம் நாள், கண்ணாடித் தட்டுகள்.
சிவப்புப் படலத்தில் நினைவு பேசிய இடமெல்லாம்
ஊசிமுனை அளவு வெளிச்சம்.
சீரம் படாத தட்டை எண்ணி முடிப்பதற்குள்
காபி ஆறி ஆடை கட்டியது.
அடுத்ததில் ஒன்பது.
தட்டைத் திருப்பி வைத்து எண்ணினாள். ஒன்பதேதான்.
கை இருக்கிறது, உலை இருக்கிறது,
'அதே ஆடுதான், தொடங்கு' என்று சொல்ல
ஆள் இல்லை.

ஓல்டன்ஹாஸ் "ம்" என்றார்.
அவர் அகராதியில் அது பட்டாசு.

நாளைய தட்டுகளுக்குக் குருதி வேண்டும்.
வீட்ஸ்கெ சைக்கிளை மிதித்தாள்,
எதிர்காற்றில் பாதி தூரம் தள்ளிக்கொண்டும் போனாள்.
ஊருக்கு வெளியே ஈர மேய்ச்சலில்
பதினாலாம் எண் ஆடு.
வெள்ளை அங்கியைப் பையின் அடியில் திணித்திருந்தாள்.
மேலே அண்ணனின் பழைய பச்சைக் கம்பளிச் சட்டை.
கையில் பீட்ரூட் துண்டு.
கேட்டின் கொக்கியைச் சத்தமில்லாமல் தூக்கினாள்.

ஆடு மெல்வதை நிறுத்தியது.

ஒரே ஒரு தடவைதான் குத்தியிருக்கிறாள்,
அதுவும் ஜனவரியில்.
ஊசியை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை,

ஓட்டம் பிடித்தது,
போன தடவையைவிட வேகமாக.