குழியிலிருந்து பார்த்தால்

ராஸ்பர்க் சோதனைத் தளத்தில்
மூன்றாம் தடத்துக் குழி என்னுடையது.
பதினெட்டு வருடமாக
டர்பனை அடியிலிருந்துதான் பார்க்கிறேன்.

மேலே மெழுகு போட்டுப் பளபளவென்று வருவார்கள்.
கீழே எண்ணெய் சொட்டும்.
சுருளை அறுத்து வண்டியைத் தாழ்த்தியவன்,
சைலன்சரைக் குடைந்து ஊரை எழுப்புகிறவன்,
சோதனைக்கு மட்டும் மச்சானிடம்
நாலு டயர் கடன் வாங்கி வந்தவன்.
தோல்வி. தோல்வி. தோல்வி.
எனக்குக் கை கூசாது.

அந்த வெள்ளைக் கொரோலா வந்தது ஒரு செவ்வாய், மழை.
ஓட்டி வந்தவர் செலாச்சி மூட்லி,
செட்ஸ்வொர்த், பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவர்.
கரும்புக்கென்று கப்பலேறிய சனம் நாங்கள்.
சர்க்கரைக்கு அவர் கொடுத்தது
முட்டிக்குக் கீழே வலது கால்.
இடது பாதத்தில் மரமரப்பு மட்டும் மிச்சம்.

குழியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.
ஏறி வந்து, பெடல் பக்கம்
தலைகீழாய்க் கிடந்து விளக்கடித்தேன்.
ஸ்டியரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் கை.
தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம்.
பிடியில் ஏதோ பிள்ளையின் சைக்கிளிலிருந்து
கழற்றிய நீல ரப்பர்.
"யார் செய்தது?"
"பக்கத்து வீட்டுப் பிரகாசன்.
திருடனுக்குக் கம்பிக்கதவு அடிக்கிறவன்."

பற்றவைத்த இடம்
நல்ல தையற்காரி காஜா எடுத்த மாதிரி இருந்தது.
முழு எடையையும் போட்டு அழுத்தினேன்;
கார்தான் அசைந்தது.
உருளையில் ஏற்றியபோது டுமிசானி எண்களைக் கத்தினான்:
காலையில் வந்த புத்தம்புது வண்டியைவிட
நாலு புள்ளி கூட.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
காலுக்கு இருக்கிறது கட்டம். கைக்கு இல்லை.
உற்பத்தியாளர் யார் என்று ஒரு வரி கேட்கிறது.
கம்பிக்கதவுப் பிரகாசன் என்று எழுதலாமா?

"எதில் தோற்றேன், மிஸ்டர் கோவெந்தர்?"
"காகிதத்தில், ஆன்ட்டி."

அவர் கோபப்படவில்லை.
என் சட்டையில் தைத்திருந்த பெயரை
இன்னொரு முறை வாசித்தார்.
"கவுண்டராய்த்தானே கப்பலேறியிருப்பார் உன் முப்பாட்டன்?
துறைமுகத்தில் எவனோ ஓர் எழுத்தன்
காதில் விழுந்தபடி அடித்து வளைத்தான்,
மேலே முத்திரை குத்தினான்.
அன்றிலிருந்து நீ
சட்டப்படிதானே ஓடிக்கொண்டிருக்கிறாய்?"

தோற்ற வண்டியை ஓட்டிப் போகக் கூடாது.
வேறெப்படிப் போவார்?
நான் அந்த நேரம் குனிந்து
கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அது என் கையில்தான் இருந்தது.

பதினோரு வாரம்.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் இரண்டு தடவை கண்டேன்:
இடது ஓரத் தடம், அறுபது,
லாரிக்காரன் பின்னால் வந்து எரிந்து விழுந்தாலும் அறுபது.

பிறகு பைன்டவுன் பொறியாளரின் கடிதத்தோடு வந்தார்.
மூவாயிரத்து நானூறு ராண்ட்.
"நேரில் வந்து பார்த்தாரா?"
"போட்டோ அனுப்பச் சொன்னார்."

கடிதத்தில் அந்தக் கையின் நீளம்
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
என் நாடாவில் முப்பத்தெட்டு.
மறுபடி வைத்தேன்.
முப்பத்தெட்டு.
அதே இரும்பு. அதே காஜா.
நீல ரப்பர் மட்டும்
கட்டைவிரல் படும் இடத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

டுமிசானி என்னைப் பார்த்தான்.
நாடாவை விட்டேன்,
சர்ரென்று சுருண்டு கூட்டுக்குள் போனது.

தேர்ச்சி என்று எழுதினேன்.
கை கூசியது.

வெளிவாசலில் நிறுத்தி
ஒரே ஒரு தரம் அடித்தார்.
ஹாரன் வேலை செய்கிறது.
அதையும் குறித்துக்கொண்டேன்.