பெறுநர்

பகாவில் டயர்க் கடைக்கு மேலே எங்கள் சபை.
புதன் இரவு ஜெபம் தொடங்கும் நேரம்
கீழே காற்றடிக்கும் எந்திரம்
ஒருமுறை இருமிவிட்டு அடங்கும்.

அன்று போதகர் சிரம்பானில்; மனைவிக்குக் கண் அறுவை.
ஞானசுந்தரியை வாசிக்கச் சொன்னார்கள்.
அஞ்சல் நிலையத்தின் இரண்டாம் முகப்பில்
பதினேழு வருடமாக முத்திரை குத்துகிறவள்.
"ஒரு வசனத்தை எடுத்து ஒரு மணி நேரம் பேச
எனக்கு வராது.
கடிதம் என்றால் கடிதம். மேலிருந்து கீழ்வரை வாசிக்கிறேன்.
யாருக்கு வந்ததோ அவர் வாங்கிக்கொள்ளட்டும்."

அவள் எடுத்தது ஆகச் சின்னது.
இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் காணாமல் போய்விடும்.
சிறையிலிருந்து ஒரு கிழவர்
வீடும் ஆளும் உள்ள ஒருவனுக்கு எழுதுகிறார்:
உன்னிடமிருந்து ஓடியவன் என்னிடம் வந்து சேர்ந்தான்,
திரும்ப அனுப்புகிறேன்.

இதை நாற்பது வருடமாகக் கேட்கிறேன்.
நாற்பது வருடமும் எழுதுகிறவர் பக்கமே நின்றேன்,
அவருக்கு மைக்கூடு பிடித்தவன் மாதிரி
தலையாட்டிக்கொண்டு.

ஞானசுந்தரியின் குரலில் உருக்கம் இல்லை.
பதிவுத் தபாலுக்குப் பெயர் கூப்பிடும் குரல்.
மூன்றாம் வரிசையில் எனக்குக்
கையெழுத்துப் போட விரல் துடித்தது.

என் மேசை இழுப்பறையில்
ரப்பர் வளையம் போட்ட பதினொரு கடப்பிதழ்கள்.
பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன்.
எல்லாக் குத்தகைக்காரரும் அப்படித்தான் சொல்கிறோம்.
மேலிருந்து நாலாவது சஹ்தான், லொம்போக்.
செம்பனைக் குலை விழுந்து தோள் இறங்கியவன்.
ஒரு வெள்ளிக்கிழமை ஓடினான்.
பதினாறாம் நாள் மதியம், கேட்டுக்கு வெளியே,
செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான்.
உள்ளே விட்டேன். அதற்குப் பெயர்
மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.
மூணு அஞ்சு நோட்டில் அவன் பக்கத்தில்
முன்பணம் அறுநூற்று நாற்பதுக்குக் கீழே எழுதினேன்:
தேடப்போன லோரிக்கு எண்ணெய், நூற்றெண்பது வெள்ளி.

கிழவர் அங்கேயும் வந்துவிட்டார்.
காலணா இல்லாத கைதி,
அடுத்தவன் கடனுக்குத் தான் பொறுப்பாம்.
எந்த முகவரிக்கு நான் பில் அனுப்புவது?

பிறகு அந்த உறவுச் சொல்.
சஹ்தான் நோன்பு பிடிக்கிறவன்,
அது அவனுக்கும் சேருமா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் நிறுத்தவில்லை.
கடிதத்தில் கேள்வி நேரம் கிடையாது.

முடிவில், போகிற போக்கில்,
எனக்கொரு அறை தயாராக வை, வருவேன் என்கிறார்.
இதைவிட நாசூக்கான மிரட்டலை
எந்தத் தவ்கேயும் எனக்கு விட்டதில்லை.

படியிறங்கும்போது கேட்டேன்:
அந்தப் பணக்காரன் பதில் போட்டானா?
"கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு எங்கள் வேலை முடிந்தது" என்றாள்,
குடையைத் தட்டி விரித்தபடி.

வியாழன் விடியல், பெரட்டில்
பெயர் சொல்லிப் பதினொன்றையும் கொடுத்தேன்.
இரண்டு பேர் எங்கே கையெழுத்து என்று கேட்டார்கள்.
சஹ்தான் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் தோள் நேராக இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சனிக்கிழமைக்குள் இருவரைக் காணோம்.
பெரிய தோட்டத்து மானேஜர் போன் போட்டுக் கத்தினார்.
நூற்றெண்பதை அடித்துவிட்டேன்.
அறுநூற்று நாற்பது அப்படியே இருக்கிறது.
பேனா அதன் மேல் போய்ப்போய்த் திரும்புகிறது.
என்னை நல்லவன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஞாயிறு பிற்பகல்
பின்னறையின் உர மூட்டைகளை வெளியே இழுத்தேன்,
விசிறி இறக்கையைத் துடைத்தேன்.
கதவோரம் பெர்சீஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள்.
"யார் வர்றாங்க?"
தெரியாது என்றேன்.
தலையணைக்கு உறை மட்டும் போட்டு வை.