ஒன்பதாவது துடிப்பு

ஏழாம் கூண்டின் உணரிக்குள் கடல் புகுந்துவிட்டது.
அன்றிலிருந்து கம்பியைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது.
மற்ற ஆறும் வாய் திறக்க முடியவில்லை.

கிளாக்ஸ்விக். டிசம்பர்.
பத்து மணிக்கு மேல் விடிந்து மூன்றுக்கெல்லாம் இருட்டும் பகல்.
எதிரே கூனோய் மலை இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
அடியில் கறுத்த நீரில் சால்மன்கள் சுற்றுகின்றன,
எவ்வளவு மூச்சு மிச்சம் என்று சொல்ல ஆளில்லாமல்.

இந்தக் கம்பியின் வழக்கம் தலைகீழ்.
மௌனம் மேலே இருக்கும், மூன்று புள்ளி மூன்று வோல்ட்டில்.
பேச்சு என்பது கீழே இழுப்பது.
இழுத்த கை விட்டால் தானாக ஏறும்;
ஏற்றிவிட, குருணையளவுகூட இல்லாத ஒரு மின்தடை.
எட்டுத் துடிப்பு நான் சொன்னால்
ஒன்பதாவதில் அது உம் கொட்ட வேண்டும்.
அதே கம்பியில்,
எதிர்த்திசையில்.

கூண்டுக்கு ஒரு கதவு வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை. அந்தப் பலகையை வரைந்தவள் நான்தான்.

முதலில் ரிலேயை நினைத்தேன்.
நாணயமானது. உலோகம் உலோகத்தைத் தொடும், இல்லையென்றால் தொடாது.
போக்கும் தெரியாது வரத்தும் தெரியாது.
ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவே
இருபது மில்லியாம்பியர் கூலி கேட்கும்,
வெயிலே இல்லாத மாதத்தில், சூரியத்தகட்டை நம்பிய பேட்டரியிடம்.

அடுத்து பஃபர்.
அது நல்ல குமாஸ்தா: பேசப்போவது யார் என்று
முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் விடும்.
ஒன்பதாவது உம்முக்கு
யார் மனு எழுதுவது?

'ஒரே ஒரு மாஸ்ஃபெட் போதாதா?' என்றார் ஹொக்னி,
உலர்ந்த ஆட்டிறைச்சியை ரொட்டியில் வைத்தபடி. பணம் அவருடையது.
போதாது. அதன் வயிற்றில் ஒரு டையோடு.
கோட்டைக்கதவை இழுத்துச் சாத்தினாலும்
திட்டிவாசல் திறந்தே கிடக்கும்.
நான் பேசுவது ஏழுக்குப் போகாது;
ஏழு இழுப்பது மட்டும் என்வரை வரும்.
இப்படிப்பட்ட கதவு ஒன்றோடு
நான்கு வருடம் குடித்தனம் செய்தவள் நான்.
அதை ஹொக்னியிடம் சொல்லவில்லை.

கடைசியில் அந்த அனலாக் ஸ்விட்ச், ஐந்து கால் பூச்சி.
ஐந்து ஓம்தான் தடை. யார் எந்தப் பக்கம் என்று கேட்காது.
ஆறாம் பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்தேன்:
தனக்கு மின்சாரம் போனாலும் கதவை விடாது.
பதினான்கு வாங்கச் சொன்னேன், ஏழு வீணாக.

கப்பல் வரவில்லை.
காற்று நாற்பதைத் தொட்டு, டென்மார்க்கிலேயே நின்றது பூச்சி.

ஆகவே இழுப்பறை. பழைய மோட்டார் பலகை ஒன்று.
அதிலிருந்து பிடுங்கிய மாஸ்ஃபெட்டுகள் இரண்டிரண்டாக.
முதுகோடு முதுகு ஒட்டினால்
இவன் திட்டிவாசலை அவன் அடைப்பான்,
அவனுடையதை இவன்.
வாயிலுக்கு ஐந்து வோல்ட்.
பார்க்க அசிங்கம். பற்றுக் குமிழ்கள் மீன்முட்டை மாதிரி.

பெய்னிர் படகில் கொண்டுபோனான்.
வாக்கி டாக்கியில் பொத்தானை அழுத்தினால் அவன், விட்டால் நான்;
இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம், இரைச்சல்.
பிறகு அவன் குரல்:
'மாட்டிவிட்டேன், ராண்வா. ஏழைச் சாத்து.'

சாத்தினேன்.

கம்பி மேலே ஏறியது. திரையில் ஒவ்வொன்றாக,
எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி ஒன்று.
மூன்றாம் கூண்டு ஆறு புள்ளி இரண்டு,
'மூன்றுக்குக் காற்றை விடு, சீக்கிரம்' என்று கத்தினேன்,
பொத்தானை அழுத்தாமலே. மறுபடி அழுத்திக் கத்தினேன்.

ஏழுக்கு நேரே ஒரு சின்னக் கோடு.

இப்போதும் தினம் ஒருமுறை, நள்ளிரவு கழிந்து,
அந்தக் கதவை மட்டும் திறக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன்.
கண் இமைக்கும் நேரம் கம்பி முழுக்க விழும்,
எல்லோரும் ஊமையாவார்கள்.
உப்பு காய்ந்திருந்தால் ஒருவேளை.
எட்டு வரை எண்ணிவிட்டு
காத்திருந்து
சாத்தும்.