புள்ளிக்கோடு

செவ்வாய்ப்பேட்டையில் என் அச்சகம்.
தையிலும் வைகாசியிலும் கல்யாணப் பத்திரிகை;
மிச்ச மாதங்களுக்குச் சோறு போடுவது
ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் ரிப்போர்ட் தாள்.
மேலே லேபின் பெயர், நடுவில் கட்டங்கள்,
அடியில் வலப்பக்கம் ஒரு புள்ளிக்கோடு:
பரிசோதித்தவர்.

அவள் வந்தது பயோடேட்டா அடிக்க.
ஆத்தூர்ப் பக்கத்து முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு சான்றிதழோடு.
கடல் தண்ணீர் ஏறிய மூலை மட்டும்
அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தது.
தயாளினி. பேசாலைக்காரி.
மன்னார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம்
நுணுக்குக்காட்டிக்குப் பின்னால் இருந்தவள்.
அது அவள் சொல். நான் மைக்ராஸ்கோப் என்று அடித்தேன்.

இங்கே வந்து பதினோரு வருஷம்
ஜவ்வரிசி மில்லில் மூட்டை தைத்திருக்கிறாள்.
அனுபவம் என்ற தலைப்பின் கீழ்
அந்தப் பதினொன்றை எங்கே வைப்பது?
"மூட்டையைப் போட வேண்டாம்" என்றேன்.
"செய்தனான்தானே.
பிறகு ஆர் அதைச் செய்தது?"

முகாம் என்பதை விட்டுவிட்டுத்
தெருப்பெயர் மட்டும் போடலாம் என்று பார்த்தேன்.
அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது.
வரிசை ஆறு, வீடு முப்பத்தொன்று.
நாடு என்ற கட்டத்தில் கர்சர்
கண்ணிமைத்துக்கொண்டே நின்றது.

தமிழச்சிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், பாருங்கள்.
வெண்குழியம் என்றால் இங்கே விழிப்பார்கள்,
வெள்ளையணு என்று சொல்.
கதைக்கிறேன் இல்லை, பேசுறேன்.
ஓம் இல்லை, ஆமாங்க.
அவள் வாயில் அது ஆமாங்கோ ஆனது.
கம்போசிங் பையன் சிரித்தான், அவளும் சிரித்தாள்.
எனக்குத்தான் என்னவோ மாதிரி இருந்தது.

நாலு இடத்தில் சொல்லிவைத்தேன்.
ஒருவர் சான்றிதழ் செல்லாது என்றார்.
இன்னொருவர் ஆதார் கேட்டார்.
மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை.
நாலாமவர் சனிக்கிழமை காலை வரச் சொன்னார்,
அன்றைக்குப் பார்த்து முகாமில் தலை எண்ணும் நாள்.
எண்ணத் தெரிந்தவள்
எண்ணப்படுவதற்காக
வரிசையில் நின்றாள்.

அஞ்சாவது வரதப்பன்.
எனக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி,
இரண்டு வருஷமாக.
"அதை மறந்துடறேன் சார்,
கால் மணி நேரம் இந்தப் பொண்ணை உட்கார வையுங்க."
நான் வாழ்நாளில் கொடுத்த ஒரே லஞ்சம்
என்று சொன்னால் அது பொய்;
தாலுகா ஆபீஸ் இருக்கிறது.

செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள்.
உட்கார்ந்ததும் வலது கை
பார்க்காமலே திருகைப் பிடித்தது,
சொந்த வீட்டு இருட்டில்
சுவிட்சைத் தொடுகிற மாதிரி.
உதடு மட்டும் அசைந்தது.
அவள் சொன்ன கணக்கும் மெஷின் சொன்ன கணக்கும் ஒட்டவில்லை.
வரதப்பன் வேறு ஸ்லைடு வைத்தார்.
மறுபடி வேறு.
அப்புறம் பையனைக் கூப்பிட்டு
மெஷினைக் கழுவச் சொன்னார்.

வேலை கிடைத்தது. ராத்திரி ஷிப்ட்.
முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கேட்டு மனு,
மூன்று நகல், அதுவும் நான் அடித்ததுதான்.
பதவி: உதவியாளர்.
சம்பளம், பக்கத்து ஸ்டூல் பையன் வாங்குவதில்
பாதிக்குக் கொஞ்சம் மேலே.
எண்ணுவது அவள்.
கையெழுத்துப் போடுவது அவன்.
"ரூல்ஸ் அப்படி" என்றார் வரதப்பன்.
இருக்கலாம்.

மாசியில் என் மனைவிக்குக் காய்ச்சல்.
விடியற்காலம் ரிப்போர்ட் வந்தது:
என் தாள், என் மை, நான் போட்ட கட்டங்கள்.
உள்ளே இருந்த எண்களை நம்பி மாத்திரை வாங்கினேன்.
புள்ளிக்கோட்டின் மேல்
அந்தப் பையனின் கோழிக்கால் கிறுக்கல்.

அடுத்த ஆயிரம் தாளுக்கு ஆர்டர் வந்தது.
பழைய ஃபைலைத் திறந்தேன்.
யாரையும் கேட்காமல்
கோட்டின் ஒரு நுனியைப் பிடித்து
இடப்பக்கமாக இழுத்தேன்,
இரண்டு பெயர் தாராளமாக உட்காரும்படி.

ப்ரூஃப் பார்த்த வரதப்பன்
எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்று
திருப்பி அனுப்பிவிட்டார்.