ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம்

கடிகாரம் என் கையில்.
ஆரஞ்சு மேலங்கி, இடுப்பில் வாயு அளக்கும் கருவி.
மற்ற நாட்களில் நான் மின்சார வேலை பார்ப்பவன்;
இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக்
கம்பி இழுத்தது நான்தான்.

சாலை நடுவில் பிளந்து கிடக்கிறது.
பிளவுக்குள்ளிருந்து ஆவி,
யாரோ கீழே உலை வைத்ததுபோல.

நேற்று ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியைத்
தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்,
ரிமோட்டை விட்டுவிட்டு.
ஒரு பையன் மூன்று நிமிடம் பூனையைக் கூப்பிட்டான்,
மீதி இரண்டு நிமிடம் அழுதான்.
எதை எடுப்பதென்று வாசலிலேயே சண்டை போட்டு
வெறுங்கையோடு திரும்பியது ஒரு தம்பதி.
நான் எதுவும் சொல்வதில்லை.
நேரம் மட்டும் சொல்வேன்.

இன்று ஸ்டெய்னுன்.
மீன் ஆலையில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவள்.
ரெய்க்யவிக்கில் தங்கை வீட்டு சோபாவிலிருந்து வருகிறாள்.
பட்டியல் வைத்திருந்தாள்:
பாஸ்போர்ட், மாத்திரை, பனிக்கால பூட்ஸ்,
அப்பாவின் காற்றழுத்தமானி.
அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு
சமையலறைக்குப் போனாள்.

தொட்டியில் ஒரு காபிக் கோப்பை.
சைரன் ஊதிய இரவில் பாதி குடித்து வைத்தது.
அடியில் கறுப்பு வளையம்.
குழாயைத் திறந்தாள், இருமியது, தண்ணீர் இல்லை.
சன்னலைத் தள்ளி விளிம்பிலிருந்து
ஒரு பிடி பனியை அள்ளினாள்.
கோப்பைக்குள் போட்டு விரலால்
சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

"இன்னும் மூன்று" என்றேன்.
"தெரியும்."

அப்போது தரை நடுங்கியது.
அலமாரியில் தட்டுகள் பல்லை நறநறத்தன.
நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
இருபது நாளில் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.
இரவில் ஒரு கையைத் தரையில்
ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடுகிறேன்.
அவள் காலைச் சற்று அகட்டினாள்,
படகில் நிற்பவர்கள் நிற்பதுபோல.
கோப்பையை விடவில்லை.
நடுக்கம் போனதும்
விட்ட இடத்திலிருந்து தேய்த்தாள்.

துடைத்தாள். நான்கு கொக்கிகளில்
மூன்றாவதில் மாட்டினாள்.
பாஸ்போர்ட்டும் மாத்திரையும் எடுக்க
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
கூடத்துச் சுவரில் காற்றழுத்தமானியை
ஒரு விரலால் தட்டினாள்,
முள் நகர்வதைப் பார்த்தாள்.
"நாளைக்கு மழை" என்று சொல்லி
அதை அங்கேயே விட்டுவிட்டாள்.
பூட்ஸை மறந்தாள்.

கதவைப் பூட்டினாள்.
எரிமலைக்கு ஒரு பூட்டு!
சிரிப்பு வந்தது எனக்கு, அடக்கிக்கொண்டேன்.
"மின்சாரம் எப்போது வரும்?"
"தெரியாது."
"சரி" என்றாள்,
கணக்கேட்டில் ஒரு தொகையை எழுதுகிற குரலில்.
வண்டியில் ஏறும்போது பார்த்தேன்:
பனி கடித்த விரல்கள் சிவந்திருந்தன,
நடுங்கிக்கொண்டும் இருந்தன.
அதை அவள் மறைக்கவில்லை.

அடுத்த வீட்டுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

அன்றிரவு, நாங்கள் படுக்கும் பள்ளிக்கூட அரங்கில்,
தூக்கி எறிய வேண்டிய காகிதக் கோப்பையைக்
கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
காலையில் ஊறி நெளிந்து கிடந்தது.
பரவாயில்லை,
அதிலேயே காபி ஊற்றி
ஒழுகுவதற்குள் குடித்தேன்.