எண்பதாம் நிலை எலி

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
கம்பெனி பஸ்ஸில் கண்ணயர்ந்து
பாயா தெருபோங் இறக்கத்தில் விழித்து
பதினான்காம் மாடி ஏறினால் காலை எட்டு.
ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்
நான் ராஜ்ஜியத்துக்குக் கிளம்புவேன்.

ராஜ்ஜியத்தைக் கட்டியவர்களே,
முதலில் எலி விஷயம்.

ஆட்டத்தின் தொடக்கத்தில், சத்திரத்து நிலவறையில்,
துருப்பிடித்த கத்தியோடு ஓர் எலியிடம்
மூன்று முறை செத்தேன்.
நூற்றுப் பத்து மணி நேரம் கழித்து
டிராகன் எலும்பில் கவசம் செய்து மாட்டிக்கொண்டு
அதே நிலவறைக்கு ஆசையாய்ப் போனேன்.
எலியும் எண்பதாம் நிலைக்கு வந்திருந்தது.
நான் ஏற ஏற அதுவும் ஏறுமாம்.
சமநிலையாம்.
சம்பளம் இருநூறு வெள்ளி கூடிய மாதமே
வாடகையும் இருநூறு கூடியது.
இதைக் காசு கொடுத்து வேறு
வாங்கி விளையாட வேண்டுமா?
எலி எலியாகவே இருக்கட்டும்.
ஒரே வீச்சில் அதை முடித்துவிட்டு
ஒரு நாளாவது நிம்மதியாய்த் தூங்கப் போகிறேன்.

சுமையின் அளவை எடுத்துவிடாதீர்கள்.
தம்பி ஹேமராஜ் சண்டைக்கு வருவான்:
"வெளாட்டுல கூட மூட்ட தூக்கணுமாக்கா?"
லோரி ஓட்டுகிறவன், அவன் நியாயம் அவனுக்கு.
எனக்கோ
குகை வாசலில் குத்தவைத்து
வெள்ளிக் கேடயமா, ஏழு ரொட்டியா என்று
ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துப்போடும் நேரத்தில்தான்
நான் யாரென்று எனக்கே தெரிகிறது.
(ரொட்டி.)

மஞ்சள் அம்பை அணைத்துவிட்டேன்.
இடி விழுந்த மரத்துக்கு இடப்பக்கம் என்று
மீன்காரி ஒருத்தி சொன்னால் போதும்.
பினாங்கில் தெருப்பெயரை யார் சொல்கிறார்கள்?
இடித்துத் தள்ளிய சினிமா கொட்டகைக்கு
எதிரில் என்பார்கள்.
போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

அப்புறம் அந்தக் கொல்லன்.
எத்தனை மணிக்குப் போனாலும் சம்மட்டியும் கையுமாய் நிற்கிறான்.
அவனைத் தூங்க விடுங்கள்.
நள்ளிரவில் கடை பூட்டியிருந்தால்
நான் கோபப்பட மாட்டேன்.
விடியற்காலை மூன்று மணிக்கு
கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருக்கும்,
எனக்குத் தெரியும்.

நகரத்துக் கதவுகளில் பாதி
சுவரில் வரைந்த படங்கள் என்று பலர் திட்டுகிறார்கள்.
நான் திட்டமாட்டேன்.
ஆயிரம் வீட்டுக்கும் உள்ளறை வரைய
யாரால் ஆகும்?
தவிர, வரைந்த கதவு
என் பெயரைக் கேட்பதில்லை.

ஜெலுத்தோங்கில் ஒரு வீடு பார்த்தேன், போன வருடம்.
ஏஜெண்டு போனில் நன்றாகத்தான் பேசினார்.
மூன்று அறை, தண்ணீர்ப் பிரச்சினை இல்லை,
நாளைக்கே சாவி வாங்கிக்கலாம்,
பெயர் என்ன என்றார்.
சொன்னேன்.
இப்பத்தான் வேற ஆளு எடுத்துட்டாங்க என்றார்.
விளம்பரம் இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஆக, உங்கள் முதல் திரைக்கு வருகிறேன்.
இனத்தைத் தேர்ந்தெடு.
வனத்தாருக்கு அறிவு இரண்டு கூடுதல்.
மலையோருக்கு வலிமை மூன்று கூடுதல்,
பேச்சு நான்கு குறைவு.
எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?
எங்கள் விண்ணப்பப் பாரத்திலும் உண்டு
நான்கு கட்டம், மூன்றாவதில் என் டிக்.
கூடுதல் குறைவு மட்டும் அச்சிட்டிருக்காது.
நீங்களாவது
முகத்துக்கு நேராய் எழுதியிருக்கிறீர்கள்.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது ஆட்டத்தில் மலையோராய்ப் பிறந்தேன்.
கிடைத்த புள்ளியை எல்லாம் பேச்சிலேயே கொட்டினேன்.
வாளைத் தூக்கத் தெரியாமல்
நாற்பது நிலை அடிவாங்கி
தலைநகர வாசலுக்கு வந்தால்
காவலன் ஈட்டியைக் குறுக்கே வைக்கிறான்:
மலையோருக்கு உள்ளே இடமில்லை.

திரையின் அடியில், தங்க நிறத்தில்,
பேச்சு தொண்ணூறு இருந்தால் மட்டும் தெரியும் பதில்:
"என் துணிமணி உள்ளேதான் காய்கிறது.
நேற்றும் இங்கேதான் தூங்கினேன்."

அழுத்தினேன்.
ஈட்டி நகர்ந்தது.

யார் எழுதிய வரியோ தெரியவில்லை.
விசாரித்து அவருக்குச் சம்பளம் கூட்டுங்கள்.
எலிக்கு வேண்டாம்.