மிகுதி

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில்
இருபத்தேழாவது வரியில் இடறினேன்.
மருதஞ்சேனைக் குளத்தின் வான்கதவு ஐந்தையும்
நாலடி உயர்த்தித் திரும்பக் கட்டுவார்கள்;
வெள்ளக் காலத்தில் திறக்கும் அதிகாரம்
மத்திய திணைக்களத்துக்கு மட்டும்;
குறித்த மட்டத்துக்கு மேலே நிற்கும்
‘அதிரிக்த ஜலய’
எவருடைய பங்கிலும் சேராது.

மேலதிக நீர் என்று எழுதி வெட்டினேன்.
உபரி என்றால் படுவான்கரையில் ஒருவருக்கும் ஒட்டாது.
நேரம் எட்டரை. ஒன்பதுக்குக் கூட்டம்.
மிகுதி நீர் என்று தட்டி
நாற்பது பிரதி எடுத்தேன்.

கச்சேரி மண்டபத்தில் ஒரு மின்விசிறிதான் சுற்றியது.
மாகாணப் பொறியியலாளர் கனகநிதி
பங்குப் பதிவேட்டை மடியில் வைத்திருந்தார்,
பஸ்ஸில் பிள்ளையை வைத்திருப்பதுபோல்.
கொழும்புப் பொறியியலாளர் விதானகே
வரைபடத்தை விரித்தார்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
முந்தின மார்கழியில் வவுணதீவு வீதியில்
தோணி ஓடியது எனக்கும் தெரியும்.

பாலமீன்மடு மீனவர் சங்கத்துப் பிலோமினா எழுந்தாள்:
திறக்கிறதெண்டா ரெண்டு நாளைக்கு முதல் சொல்லுங்க,
வலையை ஏத்த வேணும்.
அவளுக்கு வேறு கேள்வி இல்லை. உட்கார்ந்து
பாதி ரோல்ஸைத் தாளில் சுற்றினாள்.

பிறகு ஆதம்லெப்பை,
கடைசி வாய்க்காலின் வட்டவிதானை.
பிரதியில் விரலை வைத்தபடி என்னைத்தான் கேட்டார்:
மிஸ், மிகுதி எண்டா
கடையில ஆயிரம் குடுத்து
எழுநூறுக்குச் சாமான் வாங்கினா
திரும்ப எங்கட கைக்கு வாறதல்லோ?
அந்த முந்நூறு எங்கட காசு.
கடைக்காரன்ட இல்லையே.

சிரித்தார்கள். விதானகே என் பக்கம் திரும்பினார்:
என்ன சொல்கிறார்?

என் பிழை என்று சொல்லியிருக்கலாம்.
சொல் வழுக்கிவிட்டது, அடுத்த கேள்வி.
ஆனால் சிங்களத்திலும்
எஞ்சியதும் மீளத் தரும் காசும்
‘இதுரு’ என்ற ஒரே சொல்லில்தான் கிடக்கின்றன.
அப்படியே எடுத்து வைத்தேன்.
அவரும் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

ஆதம்லெப்பை விடவில்லை:
கண்டக்டரிட்ட சில்லறை இல்லாட்டி
டிக்கட்டுக்குப் பின்னால எழுதித் தாறான்.
அதுமாதிரி எழுதித் தாங்க.

கடிதத்தைக் கவிழ்த்து
அதன் வெறும் முதுகில் விதானகே எழுதினார்:
மருதஞ்சேனை. ஒன்றரை அடி. சிறுபோகம். இதுரு.
ஒப்பம் இருந்தது. முத்திரை இல்லை.
சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றார் கனகநிதி,
சொல்லிக்கொண்டே பதிவேட்டுக்குள் செருகினார்.
கூட்டக் குறிப்பில் இதை எப்படி எழுத என்று கேட்டேன்.
தேநீர் வந்துவிட்டது.

கதவுகள் கட்டி முடிந்த வருஷம்
மார்கழி பத்தொன்பது, இரவு ஒன்றரைக்கு
ஐந்தும் திறந்தன.
விடியுமுன் ஆற்றுவாயை வெட்டினார்கள்.
கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தேன்:
சல்வீனியாத் திட்டுகள், ஒரு நீலப் பீப்பாய்,
யாருடையதோ வாழை, குலையோடு.
அன்றைக்கு எவருக்கும் வேண்டாத தண்ணீர்.
நகரம் நனையவில்லை; அதையும் எழுத வேண்டும்.
பிலோமினாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது,
வலை போன பிறகு.

அடுத்த மழைக்கு இடம் வேண்டும் என்று
தையிலும் மாசியிலும் குளத்தை
ஒன்றரை அடி குறைத்தே வைத்திருந்தார்கள்.
அடுத்த மழை வரவில்லை.

பங்குனிக் கடைசியில் ஆதம்லெப்பை
என் மேசைக்கு வந்தார்.
பொலித்தீன் பைக்குள் நாலாய் மடித்து
அந்த முதுகின் நிழற்பிரதி.
விதானகே மாற்றலாகிப் போயிருந்தார்.

மொழிபெயர்த்துத் தாங்க மிஸ்.

தமிழுக்கா என்றேன்.

தமிழில எனக்குத் தெரியும்.
கதவுக்கு விளங்கிற மாதிரி.